மேற்பார்வையாளர் முன்னிலையில் ஆங்கிலப் பாடம்: யார் சொல்வதைக் கேட்பது?

கேள்வி (பயிற்சி ஆசிரியை)

ஆங்கில ஆசிரியர் பயிற்சியில், பள்ளியில் பாடம் நடத்தும் நான்காவது வாரத்தில் இருக்கிறேன். வகுப்பாசிரியர் மட்டும் இருக்கும் நாட்களில் பாடம் இயல்பாக நடக்கிறது. கல்லூரியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து பின்வரிசையில் அமர்ந்துவிட்டாலோ, மாணவர்கள் வாய் திறப்பதற்குள் என் கேள்விக்கு நானே விடை சொல்லிவிடுகிறேன். கடினமான சொல்லைத் தாய்மொழியில் விளக்கிவிட்டு மேலே செல்லுங்கள் என்கிறார் வகுப்பாசிரியர். வகுப்பில் ஆங்கிலம் தவிர வேறு மொழியே கேட்கக்கூடாது என்கிறார் மேற்பார்வையாளர். மதிப்பெண் இடுபவர் அவர்தான். நான் யார் சொல்வதைக் கேட்பது?

பதில் (வழிகாட்டி ஆசிரியர்)

முதலில் அந்த அவசரத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் மொழிச் சிக்கலைவிட அதுவே மாணவர்களை அதிகம் பாதிக்கிறது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடி அளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை 3 வினாடிக்கு மேல் நீட்டித்தால் மாணவர்களின் விடைகள் நீள்கின்றன, விடையே வராத நிலை குறைகிறது என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து காட்டினார். இரண்டாம் மொழியில் வாக்கியத்தை மனத்துக்குள் கோத்துப் பார்க்க வேண்டிய மாணவருக்கு அந்த மூன்று வினாடியும் போதாது. அந்த அமைதியை மேற்பார்வையாளர் உங்கள் தடுமாற்றமாக எண்ணிவிடுவாரோ என்ற அச்சத்தில்தான் நீங்கள் அதை நிரப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பதில் (மேற்பார்வையாளராகப் பணியாற்றுபவர்)

குறை எங்கள் பக்கமும் உண்டு. உதவுபவரும் மதிப்பெண் இடுபவரும் ஒருவராகவே இருக்கும்போது, பயிற்சி ஆசிரியர் தம் ஐயங்களை மறைக்கவே முற்படுவார். 1950களில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் கல்வியாளர் மாரிஸ் கோகனும் உடன் பணியாற்றியோரும் உருவாக்கிய மேற்பார்வை முறையில், பாடத்தைப் பார்ப்பதற்கு முன்பே இருவரும் அமர்ந்து எதைக் கவனிப்பது என்று பேசி முடிவு செய்வார்கள். பாடம் முடிந்தபின் அதில் திரட்டிய குறிப்புகளை வைத்தே உரையாடுவார்கள். நடைமுறையில் முதற்கூட்டத்தை விட்டுவிட்டுப் பின்னூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம், அதுவும் பல நேரங்களில் நடைக்கூடத்தில் நின்றபடி ஐந்து நிமிடம். ஆகவே அந்த முன்சந்திப்பை நீங்களே கேட்டுப் பெறுங்கள். வகுப்பாசிரியரையும் உடன் அழையுங்கள். முரண்பட்ட இரு அறிவுரைகளை இணக்கப்படுத்தும் பொறுப்பு அவற்றைக் கூறிய இருவருக்கும் உரியது, அதை நீங்கள் தனியே சுமக்கத் தேவையில்லை.

பதில் (சென்ற ஆண்டு பயிற்சி முடித்தவர்)

எனக்கும் இதே முரண்பாடு நேர்ந்தது. தாய்மொழியில் விளக்கப்போகும் சொற்களையும், படமோ செய்கையோ அங்கே ஏன் போதாது என்பதையும் பாடக்குறிப்பிலேயே முன்கூட்டி எழுதி வைத்தேன். எழுதத் தொடங்கியபின் அத்தகைய சொற்கள் ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்றாகக் குறைந்தன. மேற்பார்வையாளரும் அவற்றை ஏற்றுக்கொண்டார்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வருகிறார். கேள்விக்குப் பின் நான் எத்தனை வினாடி காத்திருக்கிறேன் என்பதை மட்டும் குறித்துத் தருமாறு அவரிடம் கேட்கப் போகிறேன். பாடக்குறிப்பில் தாய்மொழிக்கென இரண்டு சொற்களைக் குறித்துவிட்டேன்.