பதில்: ஃபேன் ஃபிக்‌ஷனுக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்? – "வழிப்புனைவு"

எல்லாருக்கும் வணக்கம்,

இழை முழுக்கப் படிச்சேன். நல்லா போயிட்டிருக்கு. இன்னொருத்தர் படைச்ச கதையையும் பாத்திரங்களையும் வச்சு அதோட வாசகருங்க, ரசிகருங்க எழுதற கதைதான் ஃபேன் ஃபிக்‌ஷன், அதுக்கு நான் சொல்ற சொல் வழிப்புனைவு.

> விசிறிப் புனைவு / ரசிகர் புனைவு. கேட்டதும் புரியுது, இதையே வச்சுக்கலாம்.

ஐயா, புரியுதுன்றது சரிதான். ஆனா ஒரு எழுத்து வகைக்குப் பேர் வைக்கும்போது யார் எழுதறாங்கன்னு பாக்காம அந்த எழுத்து என்ன பண்ணுதுன்னு பாத்து வைக்கணும்னு நினைக்கிறேன். ரசிகர்னாலே நம்ம ஊர்ல மன்றம், கட்அவுட், பாலாபிஷேகம்னுதான் மனசுல ஓடும். இந்தக் கதைகள எழுதறவங்கள்ல நிறைய பேரு மூலக்கதையோட சண்டை போடறவங்க, இவள ஏன் சாகடிச்சீங்க, அந்த ரெண்டு பேரையும் ஏன் பிரிச்சீங்க, வில்லியோட பக்க நியாயத்த ஏன் யாருமே கேக்கலன்னு கோபப்பட்டு உக்காந்து எழுதறாங்க. புதுமைப்பித்தன் "சாப விமோசனம்" எழுதினது ராமனுக்கு விசிறியா இருந்தா? அதுல வனவாசம் முடிஞ்சு வந்த சீதை தீக்குளிச்ச சங்கதிய அகலிகைகிட்ட சொல்றா, தனக்கு ஒரு நியாயம் கிடைச்ச மாதிரி சீதைக்கும் கிடைச்சிருக்கும்னு நம்பிட்டிருந்தவ அதக் கேட்டு உடைஞ்சு போறா, கடைசில மறுபடி கல்லாயிடறா. ராமாயணத்துல இல்லாத ஒரு சந்திப்பு, ஆனா ராமாயணம் தெரிஞ்சவங்களுக்குத்தான் அந்தக் கல்லு கனக்கும். ஃபேன் ஃபிக்‌ஷன் வேலை செய்யற விதமும் இதேதான்.

> இதிகாசம் பொதுச்சொத்து. இன்னொரு எழுத்தாளர் படைச்ச பாத்திரத்த எடுக்கறது திருட்டு, சோம்பேறித்தனம்.

அக்கா, இதுல ரெண்டு விஷயம் கலந்திருக்கு. அனுமதி ஒண்ணு, படைப்பாங்கறது இன்னொண்ணு. அனுமதி சட்டத்தோட கேள்வி, நம்ம நாட்டுல ஆசிரியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை, அத நான் மறுக்கல. ஆனா படைப்பாங்கறதுக்கு அனுமதிச்சீட்டு பதிலாகாது. கல்கியோட பொன்னியின் செல்வன் பாத்திரங்கள வச்சு விக்கிரமன் "நந்திபுரத்து நாயகி" எழுதினாரு, அத யாரும் சோம்பேறித்தனம்னு சொன்னதில்ல. கல்கியே கதைய முடிச்சப்புறம், வந்தியத்தேவன் என்ன ஆனான், குந்தவைக்குக் கல்யாணம் ஆச்சான்னு வாசகருங்க கேட்டதுக்கு முடிவுரைல பதில் எழுத வேண்டியதாச்சு. அந்தக் கேள்விய கேக்கறதோட நிறுத்தாம பேனாவ எடுத்தவங்களுக்கு நாம ஏன் மட்டமான பேரு வைக்கணும்?

இங்கிலீஷ்லயும் இந்த ஏளனம் ரொம்ப நாள் இருந்துச்சு. 1967லயே ஸ்டார் ட்ரெக்ங்கற அமெரிக்க டிவி தொடரோட ரசிகைகள் "ஸ்பாக்கனேலியா"ன்னு ஒரு ரசிகர் இதழ் போட்டு கதை, கவிதைன்னு எழுதினாங்க, அப்புறம் பல வருஷம் அத பொழுதுபோகாத பொண்ணுங்க வேலைன்னுதான் பாத்தாங்க. இந்தக் கதைகளுக்காகவே லாப நோக்கமில்லாம நடக்கற ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் தளத்துக்கு 2019ல அறிவியல் புனைவு உலகத்தோட ஹியூகோ விருது கிடைச்சுது. அங்க கதைய வச்சு காசு பண்ணக்கூடாதுன்னு விதியே இருக்கு. காசு இல்ல, பேரு இல்ல, புனைபெயர்ல லட்சம் வார்த்தை எழுதறாங்கன்னா எழுத்து மேல ஆசை இல்லாம முடியுமா? வாட்பேட்ங்கற கதை எழுதற தளத்துல சீரியல் ஜோடிகள வச்சுத் தமிழ்ல எழுதற பொண்ணுங்களும் அப்படித்தான், ஃபேன் ஃபிக்‌ஷனச் சுருக்கி "எஃப்எஃப்"ன்னு போட்டு ராத்திரி அத்தியாயம் ஏத்தறாங்க, கீழ கமெண்ட்ல அடுத்தது எப்போன்னு கேக்கறாங்க. முதல் முதலா உரையாடல் எழுதிப் பழகற இடமே பலருக்கு அதுதான்.

சரி, சொல்லுக்கு வர்றேன். பவணந்தியார் எழுதின நன்னூல்ங்கற இலக்கண நூல்ல முதல், வழி, சார்புன்னு நூல் மூணு வகை. வழிநூலுக்கு, அதாவது முதல்நூல ஒட்டிப் பின்னால எழுதறதுக்கு, சொல்ற இலக்கணத்துல "பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி"ன்னு ஒரு வரி வருது. பின்னால வர்றவன் தனக்கு வேணுங்கற மாறுதல சொல்லலாம்னு பவணந்தியார் இடம் குடுத்துட்டாரு! அதனாலதான் வழிப்புனைவு. எழுதறவங்க வழிப்புனைவாளர். மூலத்தோட முடிவ ஒத்துக்கிட்டாத்தானே வழிநூல், எதிர்த்து எழுதறது சார்புநூல்ல வராதான்னு கேப்பீங்க, நியாயம்தான், ஆனா சார்புக்கதைன்னா பக்கச்சார்பா எழுதினதுன்னு இன்னிக்கு அர்த்தமாகுது. சார்புநூலுக்கு இன்னொரு பேரான புடைநூல்ல இருந்து புடைப்புனைவுன்னு எடுத்தா அரிசி புடைக்கறதுதான் ஞாபகம் வரும்.

மூல ஆசிரியர் எழுதினத சொல்ற கேனனுக்கு மூலக்கதை, அதே பாத்திரங்கள வேற சூழல்ல வச்சு எழுதற ஏயூவுக்கு மாற்றுலகு போதும்னு படுது. தழுவல்ன்றத இதுக்குள்ள கொண்டுவர வேண்டாம், அது நாவல படமாக்கறதுக்கு ஏற்கனவே ஓடிட்டிருக்கு. எஃப்எஃப்ன்றத மாத்தச் சொல்லி எழுதறவங்கள நாம போயி தொந்தரவு பண்ண வேண்டியதில்ல, அகராதில வழிப்புனைவுக்கு நேரா வழக்குச்சொல்லா அதையும் போட்டுடலாம்.

ரெண்டு பாத்திரங்க ஜோடி சேரணும்னு ஆசைப்படற "ஷிப்"புக்குத்தான் எனக்கு எதுவும் சரியா அமையல. ஜோடி சேர்த்தல்னா தரகர் வேலை மாதிரி இருக்கு. யாருக்காவது தோணினா எழுதுங்க, எல்லாச் சொல்லையும் சேத்தே பட்டியல்ல ஏத்திடலாம்.

அன்புடன்