94 கிலோ எனக்கு, முழங்கால் வலி அப்பாவுக்கு: மலைக்கு எந்த மடக்கு நாற்காலி?

நெட்டைக்கொக்கு:
வணக்கம். ஜனவரியில் கொழுக்குமலையில் ஒரு ராத்திரி டென்ட். அதற்குப் பிறகு வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு பாதைகளில் இரண்டு மூன்று. கூட அப்பாவும் வருகிறார். வயது 62, வலது முழங்காலில் தேய்மானம், தரையில் உட்கார்ந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். என் எடை 94 கிலோ, உயரம் 181 செ.மீ.

ஆன்லைனில் அரைக் கிலோவிலிருந்து 4 கிலோ வரை சேர் இருக்கிறது. எல்லாவற்றிலும் 150 கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறான். ஒரு கிலோவுக்குள் இருப்பதை நம்பலாமா? மூன்று கால் ஸ்டூல் போதுமா? இரண்டு பேருக்கும் ஒரே மாடல் வாங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

கூடாரக்காரன்:
ஒரே மாடல் வேண்டாம் சார். உங்கள் இருவரின் தேவையும் வேறு வேறு.

முதலில் ஒரு விஷயம். கொழுக்குமலைக்கு சூரியநெல்லியிலிருந்து ஜீப் போகிறது. அங்கே சேரைச் சுமக்கப்போவது ஜீப், உங்கள் முதுகு அல்ல. ட்ரெக் தமிழ்நாடு பாதைகளோ பகல் நடை. நடுவில் பத்துப் பத்து நிமிடம் உட்காருவதுதான். ஆக, முகாமுக்கு ஒன்று, நடைக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்பாவுக்குப் பார்க்க வேண்டியது எடை இல்லை, இருக்கையின் உயரம். வீட்டுச் சாப்பாட்டு நாற்காலி சுமார் 45 செ.மீ. ஹெலினாக்ஸ் கம்பெனியின் சேர் ஒன் (குழாய்ச் சட்டகத்தில் துணியை மாட்டுகிற மடக்கு நாற்காலி) மாதிரியான வகை 35 செ.மீ. பக்கம். அதே கம்பெனியின் சேர் ஜீரோ 28தான். உட்கார்ந்ததும் துணி தொய்ந்து இன்னும் இறங்கும். இடுப்பை விட முழங்கால் மேலே போய்விட்டால், எழும்போது முழுப் பாரமும் முழங்காலில்தான் விழும். தேய்மானம் உள்ளவரை அதில் உட்கார வைக்காதீர்கள்.

அவருக்கு 42 செ.மீ.க்குக் குறையாமல், கைப்பிடி உள்ளது வாங்குங்கள். குடை மாதிரி மடிகிற இரும்புச் சேர் 3 கிலோ வரை இருக்கும், மடித்தால் 80 செ.மீ.க்கு மேல் நீளம். ஜீப்புக்கு அது ஒரு சுமையே இல்லை. ஆனால் அதில் கைப்பிடி வெறும் துணிப்பட்டைதான். நடுவில் ஊன்றினால் தொய்ந்துவிடும். முன்கம்பியின் தலையைப் பிடித்து ஊன்றச் சொல்லுங்கள். சினிமா டைரக்டர் சேர் போல இறுக்கமான கைப்பிடி உள்ளது கிடைத்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு சேர் ஒன் ரகம் சரி. பையோடு ஒரு கிலோவை ஒட்டி வரும், அறிவித்த தாங்குதிறன் 145 கிலோ. சேர் ஜீரோ அரைக் கிலோதான், தாங்குதிறன் 120. 94 கிலோ ஆளுக்கு அதுவும் தாங்கும். ஆனால் தொப்பென்று உட்காரும் பழக்கம் இருந்தால் தாங்காமல் போகலாம். அந்த எண்கள் எல்லாம் அசையாமல் வைத்த பாரத்துக்குத்தான். அதே எடை திடீரென்று இறங்கினால் சட்டகம் ஒரு கணம் இரண்டு மடங்கோ அதற்கு மேலுமோ விசையை வாங்கும். அதனால் 150 கிலோ என்று போட்டிருப்பதை 150 கிலோ ஆளுக்கானது என்று படிக்காதீர்கள்.

பட்டறைப்பயல்:
மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறேன். பெயரில்லாத நகல் சேர்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உருவத்தில் வித்தியாசமே தெரியாது. வித்தியாசம் மூன்று இடத்தில் இருக்கிறது.

முதலாவது குழாய். நல்ல சேரில் 7000 வரிசை அலுமினியக் கலவை (எண் கலவையின் வகையைச் சொல்லும்). மலிவானதில் 6061 அல்லது எண்ணே சொல்லாத ஏதோ ஒன்று. 7075 டி6 (டி6 என்றால் சூடாக்கிக் கடினமாக்கியது) நிரந்தரமாக வளையத் தேவையான அழுத்தம் 6061 டி6-ஐப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால்தான் சுவர் மெலிந்த குழாயிலேயே எடையைக் குறைக்க முடிகிறது. மட்டமான உலோகத்தில் அதே மெல்லிய குழாயைப் போட்டால் இரண்டாம் முகாமில் வாழைப்பழம் போல வளைந்திருக்கும். நகல் ஒன்று 1.3 கிலோ இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். கனமான சுவர் போட்டிருக்கிறான். நகலாக இருந்து 700 கிராமும் இருந்தால்தான் பயப்பட வேண்டும்.

இரண்டாவது ஹப், அதாவது குழாய்கள் வந்து சேரும் பிளாஸ்டிக் மூட்டு. இந்த வகைச் சேர் உடைந்தால் பெரும்பாலும் இங்கேதான். அதற்கும் முக்கால்வாசிக் காரணம் பிளாஸ்டிக் இல்லை, குழாய் முழுசாக உள்ளே போகாததுதான். ஒரு செ.மீ. வெளியே நின்றால் பாரமெல்லாம் ஹப்பின் வாயில் குவியும், வாய் பிளக்கும். உள்ளே ஓடும் எலாஸ்டிக் இழுக்கிறதே, தானாகப் போய் உட்கார்ந்திருக்கும் என்று நம்பாதீர்கள். ஒவ்வொன்றையும் கையால் அழுத்தி, டக் என்று அடி தட்டுகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, குழாய் நுனி போய் உட்காரும் நான்கு துணிப் பைகள். அவற்றின் விளிம்பில் நெருக்கமான ஜிக்ஜாக் தையல் குறுக்கே ஓட வேண்டும். ஒற்றைத் தையல் மட்டும் தெரிந்தால் வாங்கியவுடன் ஒரு தையல்காரரிடம் கொடுத்து நைலான் நூலில் வலுப்படுத்திவிடுங்கள். பைக்குள் மணல் சேர்ந்தாலும் அது உப்புத்தாள் மாதிரி துணியை உள்ளிருந்து தேய்க்கும். ஊருக்கு வந்ததும் உள்ளே வெளியே திருப்பித் தட்டுங்கள்.

சேர் வீட்டுக்கு வந்த அன்றே அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள். டைல்ஸ் தரையில் கால் வழுக்கிச் சட்டகம் விரியும், அதனால் கீழே ஒரு ஜமுக்காளம் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் சாய்ந்து இரண்டு காலில் ஆடுவது மரநாற்காலியில் செய்கிற வேலை. இதில் செய்தால் பின்கால் குழாய் போய்விடும்.

மலைச்சாரல்:
காலைப் பற்றி யாரும் பேசவில்லையே. கொழுக்குமலை மாதிரித் தேயிலைக்காட்டு மண்ணில் முதல் பிரச்சினையே அதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 94 கிலோவை நாலு காலுக்குப் பிரித்தால் காலுக்கு 23 கிலோ சொச்சம். ரப்பர் முனை 2.5 செ.மீ. விட்டம் என்றால் பரப்பு 5 சதுர செ.மீ. கூட இல்லை. அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 4.8 கிலோ. கார் டயரில் இருக்கிற காற்றழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு. ஈர மண் என்ன செய்யும்? ஒரு கால் புதையும், சேர் கோணலாகும், பாரம் சமமில்லாமல் மற்ற கால்களில் குவியும், அந்தக் குழாய் வளையும். பட்டறைப்பயல் சொன்ன வாழைப்பழம் நல்ல உலோகத்திலும் இப்படி வரும்.

ஜீப் முகாமுக்குப் பழைய டென்னிஸ் பந்து நாலு போதும். பிளேடால் ஒன்றரை செ.மீ. பெருக்கல் குறி போட்டுக் காலில் செருகிவிடுங்கள். பந்து ஒன்று 58 கிராம் பக்கம், நாலும் சேர்ந்து கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. முதுகில் சுமக்கிறபோது அந்த எடை வீண். அப்போது 7 செ.மீ. ஊறுகாய் பாட்டில் மூடி நாலு எடுத்துக்கொள்ளுங்கள். காலுக்கு அடியில் வைத்தால் பரப்பு எட்டு மடங்கு ஆகிவிடும். வழுக்காமல் இருக்க மூடியின் குழிந்த பக்கம் மேலே இருக்கட்டும்.

இன்னும் இரண்டு. ராத்திரி காற்றில் ஆளில்லாத சேர் பறக்கும்; படுக்கப் போகும்போது துணியைக் கழற்றி டென்டுக்குள் வைத்துவிடுங்கள். நெருப்பு மூட்ட அனுமதி உள்ள முகாமாக இருந்தால் காற்று வீசும் திசையைப் பார்த்து, 3 மீட்டராவது தள்ளிப் போடுங்கள். ஒரு பொறி விழுந்தால் பாலியஸ்டரில் ஓட்டை, அந்த ஓட்டை உட்கார உட்காரக் கிழியும்.

நெட்டைக்கொக்கு:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்குக் கைப்பிடி சேர், எனக்கு சேர் ஒன் ரகம் என்று முடிவு. பகல் நடைக்கு ஸ்டூலா வேறு ஏதாவதா? அப்புறம், வீடியோவில் பார்த்தால் கடைசி மூலையை மாட்டுவதற்கு மல்யுத்தமே நடக்கிறது, அதற்கு ஏதாவது வழி?

கூடாரக்காரன்:
மூலை மாட்டுவதில் வரிசைதான் முக்கியம். முதுகுப்பக்கத்து நீளக் குழாய் இரண்டையும் முதலில் மாட்டுங்கள். பிறகு முன்பக்கம் ஒன்று. கடைசி மூலைக்குத் துணியை விரலால் இழுக்காதீர்கள். பையின் வாயைக் குழாய் நுனியில் வைத்துவிட்டு, உள்ளங்கையால் குழாயை உள்நோக்கி வளைத்துக்கொண்டே துணியைத் தள்ளுங்கள். புதுத்துணி முதல் நாலைந்து தடவை முரண்டு பிடிக்கும், அப்புறம் இளகும். கழற்றும்போது முன்பக்கம் முதலில். நுனி விடுபடும் வேகத்தில் விரல் நசுங்கும், முகத்தை அதற்கு நேராக வைக்காதீர்கள்.

பகல் நடைக்கு மூன்று கால் ஸ்டூல் நல்லது. எந்தக் கரடுமுரடிலும் மூன்று காலும் தரையைத் தொட்டே நிற்கும். நாலு கால் ஸ்டூல் பாறையில் தடக் தடக்கென்று ஆடும்.

மலைச்சாரல்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. முதுகுக்குச் சாய்வில்லாத ஸ்டூலை அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று சுமப்பதைவிட, மகனுக்கு ஒரு ஃபோம் பாய்த்துண்டு போதும். 8 மி.மீ. ஈவிஏ யோகா பாயில் 35க்கு 30 செ.மீ. வெட்டினால் 100 கிராமுக்குள். பாறைமேல் போட்டு உட்கார வேண்டியதுதான், நம் மலையில் பாறைக்கா பஞ்சம்? முகாமில் அதையே சேர்மேல் போடலாம். மெல்லிய துணிக்கு அடியில் குளிர்காற்று ஓடும்போது ஜாக்கெட் போட்டும் இடுப்புக்குக் கீழே விறைக்கிறது என்பார்களே, அதற்கும் இதுதான் மருந்து.

அப்பாவுக்கு மட்டும் ஸ்டூல் எடுங்கள், 45 செ.மீ. உயரமுள்ளதாக. மழைக்காலத்தில் சோலைக்காட்டுப் பாதை என்றால் அவரைத் தரையிலோ புல்லிலோ உட்கார வைக்கவே கூடாது, அட்டை ஏறிவிடும். ஸ்டூலில் உட்கார்ந்தாலும் காலடியை அடிக்கடி பார்க்கச் சொல்லுங்கள்.

கூடாரக்காரன்:
சரி, அது நியாயம். அப்பாவுக்கு ஸ்டூல், மகனுக்குப் பாய்த்துண்டு. ஸ்டூலில் ஒன்று கவனிக்க வேண்டும்: பின்னால் சாய்வு இல்லாததால் எழும்போது பின்பக்கம் கவிழ வாய்ப்பு உண்டு. கையில் நடைக்கம்பு கொடுத்து, அதை முன்னால் ஊன்றி எழச் சொல்லுங்கள்.

பட்டறைப்பயல்:
கடைசியாக ஒரு பராமரிப்பு வேலை. இரண்டு மூன்று வருடத்தில் குழாய்க்குள் ஓடும் எலாஸ்டிக் நீண்டு தொளதொளவென்று ஆகும். அப்போது சேரைத் தூக்கிப் போட வேண்டாம். நுனி மூடியைக் கழற்றி முடிச்சை அவிழ்த்தால் முழுசாக உருவிவிடலாம். 2.5 அல்லது 3 மி.மீ. எலாஸ்டிக் கயிறு வாங்கி, அது ஓடுகிற குழாய் நீளத்தில் சுமார் முக்கால் பங்குக்கு வெட்டி, இழுத்துக் கட்டுங்கள். பழைய கயிற்றை வைத்து அளக்காதீர்கள், அது ஏற்கெனவே நீண்டது. உருவுவதற்கு முன்னால் எந்தக் குழாய் எந்த ஓட்டைக்கு என்று போனில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.