புதுப்பிப்பு: கசிந்த பெட்ரோல் டேங்கை மாற்றியாயிற்று
என் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் டேங்க் சொட்டுவதாகவும், அதைப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) அடைக்கலாமா, மாற்றிவிடலாமா என்றும் முன்பு கேட்டிருந்தேன். பேட்டரி இணைப்பைக் கழற்றி, எரிபொருளை வடித்து, ஜாக்கியின் மேல் பலகை வைத்துத் தாங்கியபடி டேங்கை இறக்கியபோது, தாங்கு பட்டைக்கும் தகட்டுக்கும் இடையில் சேறு இறுகிக் கிடந்த கோட்டிலேயே துரு அரித்து, நகத்தால் அழுத்தினாலே உதிரும் நிலையில் இருந்தது. காலி டேங்கிலும் ஆவி தங்கி வெடிக்கக்கூடும் என்பதால், பற்றவைக்கும் யோசனையைக் கைவிட்டதே சரி. புதிய டேங்குடன், எரிபொருள் அளவை அறியும் மிதவைமானியின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்), காற்றுப்போக்குக் குழாய், ஃபில்டர் ஆகியவற்றையும் மாற்றி, பட்டைகளுக்கு அடியில் புது ரப்பர் வைத்தேன். முழுக்க நிரப்பிச் சரிவில் நிறுத்திப் பார்த்தும் கசிவில்லை. எரிபொருள் அளவு காட்டும் முள் மட்டும் நிலையின்றி ஆடுகிறது. மானியை வண்டியின் உடலோடு சேர்க்கும் எர்த் மின் இணைப்பின் அடியில், மின்னோட்டத்தைத் தடுக்கும் பெயிண்ட் இருக்கலாம் என்பதால், அதை அடுத்துச் சுரண்டிப் பார்க்கவுள்ளேன்.