பீத்தோவனின் ஸ்கெட்ச் நோட்டுகளை (இசை வரைவுகளை எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களை) படிக்கையில் எங்கே இடறும்?

இந்த ஸ்கெட்ச் நோட்டுகளில் முதலில் தடுக்குவது கிளெஃப், அதாவது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று வரியின் தொடக்கத்தில் காட்டும் குறி. தனக்காக மட்டும் எழுதியதால் பல இடங்களில் கிளெஃபும் போடமாட்டார், ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும் ஷார்ப், இறக்கும் ஃபிளாட் குறிகளும் போடமாட்டார். கோட்டில் ஒரு புள்ளி இருக்கும். எந்த ஸ்வரம் என்பது நம் பாடு. அச்சான ஸ்கோரில் (முழு இசைக்குறிப்பில்) நமக்குப் பழகிய ஒரு துண்டை அந்தப் பக்கத்தில் தேடிப் பிடித்து, அதை வைத்துக் கிளெஃபை முடிவுசெய்தால் மற்ற வரிகள் ஓரளவு வழிக்கு வரும். அடுத்தது ‘வி–’, ‘–டே’ குறிகள்; ‘பார்’ என்று பொருள்படும் ‘விடே’ என்ற லத்தீன் சொல்லை இரண்டாகப் பிரித்தவை. ‘வி–’ வந்த இடத்தில் நிறுத்தி, ‘–டே’ எங்கிருக்கிறதோ அங்கே தாவ வேண்டும். அது முந்தைய பக்கத்திலும் இருக்கலாம். வரிசையாகப் படித்தால் திருத்தியதும் திருத்தத்துக்கு முந்தையதும் கலந்துவிடும்.

*

சரியாகச் சொன்னீர்கள். கூட ஒன்று: மூன்றாம் சிம்பொனியான ‘எரோய்கா’வின் வரைவுகள் உள்ள நோட்டை (1803–04, இப்போது போலந்தின் கிராகோவ் நகர யாகியெல்லோனிய நூலகத்தில்) எடுப்பவர்கள் சின்னச் சின்னத் துண்டுகளிலேயே நின்றுவிடுகிறார்கள். நீளமான ஒற்றை வரி வரைவுகளைப் பாருங்கள். முதல் பகுதியின் எக்ஸ்போசிஷனை (கருக்களை அறிமுகப்படுத்தும் தொடக்கப் பிரிவை) மெலடி மட்டுமாகத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓட்டிப் பார்க்கிறார், பிடிக்கவில்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. ஹார்மனி (கூடவே ஒலிக்கும் ஸ்வரங்கள்) மனதில் இருக்கிறது; தாளில் அவர் சோதிப்பது நீளத்தையும் ஓட்டத்தையும்.

அதே பகுதியில் மூலக்கரு திரும்புவதற்குச் சற்று முன்பே ஹார்ன் என்ற ஊதுகருவி நுழையும் இடம் தெரியுமல்லவா? ஒத்திகையில் அதைக் கேட்ட சீடர் ரீஸ், வாசிப்பவர் எண்ணத் தவறிவிட்டார் என்று நினைத்துவிட்டார். அந்த யோசனை வரைவுகளிலேயே, அதுவும் சீக்கிரமே இருக்கிறது. கடைசி நேரக் குறும்பு என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்!

*

பக்க எண்ணை நம்பாதீர்கள். பீத்தோவன் இறந்தபின் அவர் உடைமைகளை விற்ற 1827 நவம்பர் ஏலத்துக்குப் பிறகு பல நோட்டுகளிலிருந்து தாள்களைக் கிழித்து நினைவுப்பொருளாகக் கொடுத்துவிட்டார்கள். கிழிந்த தாளை அதன் இடத்தில் பொருத்த மூன்று தடயங்கள் உதவும்: தையல் துளைகளின் இடைவெளி, எதிர்ப்பக்கத்தில் ஒட்டிய மைக்கறை, வாட்டர்மார்க் (வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் காகித ஆலைக் குறி). பெரிய தாள் ஒன்றை மடித்து வெட்டினால் நான்கு ஏடு. ஒவ்வொன்றிலும் வாட்டர்மார்க்கின் கால் பங்கு விழும். எந்தக் கால் இல்லையோ அந்த ஏடு காணவில்லை. ஆய்வாளர்கள் ஜான்சன், டைசன், விண்டர் மூவரும் 1985இல் வெளியிட்ட ஆய்வு இப்படித்தான் நோட்டுகளை மீட்டெடுத்தது.

*

பாக்கெட் நோட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெளியே நடக்கும்போது எழுதியவை, பெரும்பாலும் பென்சில். சில இடங்களில் பென்சில் மேலேயே மையால் எழுதியிருக்கிறார். கறுப்பு வெள்ளை நகலில் இரண்டும் ஒன்றாகத் தெரியும், கலர் ஸ்கேன் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.