ஆலைக்கு இலக்கை எந்த அலகில் வைப்பது?

கேள்வி: சோஷலிசப் பொருளாதாரத் திட்டம் வரையும்போது உற்பத்தி இலக்கை எடையில் வைப்பதா, பண மதிப்பிலா?

பதில் 1: எடை என்றால் ஆலை கனமான சரக்கையே தள்ளும், மொத்த மதிப்பு என்றால் விலை கூடிய மூலப்பொருளைத் தேடும். சோவியத்தில் இரண்டும் நடந்தன. போன ஆண்டு எட்டியதையே அடுத்த ஆண்டுக்கு அடிப்படையாக்குவது இன்னும் மோசம்: அடுத்த இலக்கு ஏறிவிடும் என்று மேலாளர் ஆலையின் திறனை ஒளிப்பார். இலக்கைச் சில ஆண்டுகளுக்கு அசைக்காதீர்கள்.

பதில் 2: எல்லாவற்றுக்கும் இலக்கு எதற்கு? மின்சாரம், எஃகு, ரயில், வங்கி போதும். 1921-இல் லெனின் விவசாயியின் தானியத்தைப் பறிமுதல் செய்வதை விட்டு, ஒரு பகுதியை மட்டும் வரியாக வாங்கும் முறைக்கு மாறினார். மிச்சத்தை விவசாயி சந்தையில் விற்றார்.

பதில் 3: யூகோஸ்லாவியா 1950-இல் ஆலையைத் தொழிலாளரே நிர்வகிக்கும் தொழிலாளர் மன்றங்களைச் சட்டமாக்கியது. அங்கே வருவாயைக் கூலியாகவே பிரித்துக்கொள்ளும் போக்கு வந்தது. ஆகவே முதலீட்டு நிதிக்குத் தனிக் கணக்கு வேண்டும். நஷ்ட ஆலையை அரசு ஒவ்வொரு முறையும் பணம் கொடுத்துக் காப்பாற்றினால் எந்த அலகும் உதவாது.