பொய் சொல்லி இழப்பீடு வாங்கினால் ஒரு வருடம் போதுமா?

கீழத்தெருக்காரன்:
எங்கள் தெருவில் ஒருவர் குடித்துவிட்டு பைக்கோடு சாக்கடையில் விழுந்தார். கை முறிந்து, இன்னும் மடக்க முடியவில்லை. மூன்று நாள் கழித்துப் பார்த்தால் 'அடையாளம் தெரியாத இரண்டு பேர் கட்டையால் அடித்தார்கள்' என்று எஃப்ஐஆர், அதை வைத்து மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் இழப்பீடு கேட்டு மனு! பொய்த் தகவலுக்கு பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த புதிய தண்டனைச் சட்டம்) 217-இல் அதிகபட்சம் ஒரு வருடம், அல்லது பத்தாயிரம் அபராதம், அல்லது இரண்டும். யார் பயப்படுவார்கள்? இழப்பீட்டு மோசடிக்கென்றே குறைந்தது ஐந்து வருடம் வேண்டும்.

கருப்புக்கோட்டு:
217-ஐ மட்டும் பார்த்தால் எப்படி? பணம் கைக்கு வந்துவிட்டால் அது மோசடி, 318(4), ஏழு வருடம் வரை. பழைய 420தான். தண்டனை ஏட்டில் இருக்கிறது, வழக்குப் போடத்தான் ஆள் இல்லை. 217-க்கு, பொய்த் தகவலை வாங்கிய அதிகாரியோ அவருக்கு மேலே உள்ளவரோ எழுத்துமூலம் புகார் தந்தால்தான் கோர்ட் எடுக்கும். தன் ஸ்டேஷனில் போட்ட எஃப்ஐஆரைப் பொய் என்று எந்த இன்ஸ்பெக்டர் போய்ச் சொல்வார்?

கீழத்தெருக்காரன்:
பொய்க் குற்றச்சாட்டுக்கு 248 இருக்கிறதே, பத்து வருடம் வரை?

கருப்புக்கோட்டு:
அது ஒரு ஆளைக் குறிவைத்துப் பழி போட்டால். உங்கள் ஆள் உஷார், 'யாரோ இரண்டு பேர்' என்றுதானே சொல்லியிருக்கிறார்.

வள்ளி:
நான் இரண்டு வருடம் சட்டத் தன்னார்வலராக இருந்தவள், அதனால் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். ஒரு பெண்ணின் வழக்கில் ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, அம்மாவும் அண்ணனும் பிறழ் சாட்சி ஆகி, குற்றவாளிக்கு விடுதலை. மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர், 'வாங்கின இழப்பீட்டுக் காசைத் திருப்பிக் கொடுக்கணுமாமே, ஜெயிலாமே' என்று அவளிடம் கேட்கிறார். விடுதலை என்றால் புகார் பொய் என்று அர்த்தமா? நீங்கள் கேட்கும் ஐந்து வருடம் முதலில் இப்படிப்பட்டவள் தலையில்தான் விழும். போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) 22-ஐப் பாருங்கள், பொய்ப் புகாருக்கு ஆறு மாதம் வரை, ஆனால் குழந்தை சொன்னதாக இருந்தால் தண்டனையே கிடையாது. யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கீழத்தெருக்காரன்:
சரி, அப்படியானால் தீர்ப்பு வந்தபின் பணம் கொடுங்கள். பிரச்சினையே இல்லை.

வள்ளி:
ஆசிட் வீச்சில் 15 நாளுக்குள் ஒரு லட்சம் தரச் சொல்லி 2013-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு. ஏன் 15 நாள்? வெந்த தோல் தீர்ப்புக்குக் காத்திருக்காது. குற்றவாளி யாரென்றே தெரியாவிட்டாலும் மனு போடலாம் என்று சட்டமே சொல்கிறது, பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 396. உங்கள் தெருக்காரர் நுழைந்த அதே கதவுதான், அதை அடைத்தால் மற்றவர்கள் எங்கே போவது?

கருப்புக்கோட்டு:
வள்ளி சொல்வதில் பாதிதான் ஒப்புக்கொள்வேன். விடுதலை வேறு, இட்டுக்கட்டியது வேறு, இரண்டாவதை விடக் கூடாது. அதைப் பிடிக்கப் புதுச் சட்டம் எதற்கு? கேஷுவாலிட்டியில் முதலில் எழுதும் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி போதும். அன்று ராத்திரி டாக்டரிடம் 'பைக்கில் இருந்து விழுந்தேன்' என்று உளறியிருப்பார், அது அப்படியே பதிவாகியிருக்கும். ஆணைக்குழு விசாரணைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. பணம் போகும் முன் ஆணைக்குழுச் செயலாளருக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கீழத்தெருக்காரன்:
போடலாம்தான். மனு போட்ட அந்த ஆள் எங்களுக்கு எதிர்வீடு சார். பெயர் இல்லாமல் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா?