பழைய கார் வாங்கும்போது கீறலை எப்படிப் பார்த்தீர்கள்? அனுபவப் பகிர்வு (ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் ஊர்)

நாகர்கோவில்

போன கார்த்திகையில் பழைய கார் தேடி ஒரு மாதம் அலைந்தேன். பார்த்தவை ஐந்து வண்டிகள். அதில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கீறல் விஷயத்தில் என் எண்ணத்தை அடியோடு மாற்றியவை அவைதான்.

எங்கள் அப்பாவுக்குப் பழக்கமான பெயிண்டர் ஒருவர் இருக்கிறார். ஒழுகினசேரிப் பக்கம் பட்டறை. முப்பது வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் வேலை. சின்ன வயதிலிருந்தே மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரையும் அழைத்துக்கொண்டு பழைய கார் விற்கும் ஒரு கார் கன்சல்டிங்குக்குப் போனேன். வெள்ளை செடான், 2015 மாடல், முகம் பார்க்கலாம் போலப் பளபளப்பு. எனக்கு உடனே பிடித்துவிட்டது.

மாமா எஞ்சின் பக்கமே போகவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "மக்கா, இத்தன வருசம் நம்ம ஊரு ரோட்டுல ஓடின வண்டியில ஒரு கோடு கூட இல்லியே, அது எப்பிடி?" என்று கேட்டார். அப்புறம் விரல் முட்டியால் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனார். மூன்று கதவுகளில் 'டங்' என்று தகரச் சத்தம். வலது பின்சக்கரத்துக்கு மேலே மட்டும் 'தொப்' என்று அடைத்த சத்தம். பையிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டுகிற காந்தத்தை எடுத்து, கீறல் விழாமலிருக்க மெல்லிய துணியில் சுற்றி வைத்தார். கூரையில் ஒட்டியது, முன் கதவில் ஒட்டியது. பின்சக்கரத்துக்கு மேலே வைத்ததும் வழுக்கி அவர் கையிலேயே விழுந்தது.

கம்பெனியில் அடித்துவரும் பெயிண்ட், எல்லாப் பூச்சும் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் இருக்கும். ஒன்றிரண்டு தலைமுடிப் பருமன். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) பூசிய இடத்தில் அது மில்லிமீட்டர் கணக்கில் ஏறிவிடும், காந்தத்துக்குத் தகரம் எட்டாது. கதவு ரப்பர் பீடிங்கை நகத்தால் தூக்கிக் காட்டினார். அடியில் வெள்ளைப் பெயிண்ட் கோடாகப் படிந்திருந்தது. கம்பெனிப் பெயிண்ட் அப்படி ரப்பரில் ஏறாது.

"சின்ன உரசல்தான் சார், கீறல் அசிங்கமா இருக்கேன்னு அடிச்சோம்" என்றார் கன்சல்டிங்காரர். மாமா பதில் சொல்லாமல் டிக்கியைத் திறந்து கார்பெட்டையும் ஸ்டெப்னியையும் தூக்கினார். அந்தக் குழியில் சுத்தியல் தட்டிய தழும்பும் புது வெல்டிங்கும் தெளிவாகத் தெரிந்தன. பின்னாலிருந்து பலமாக வாங்கிய அடி. திரும்பி வந்துவிட்டோம்.

நான் வாங்கியது வேறு வண்டி. இரணியல் பக்கம் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் சில்வர் கலர் வேகன் ஆர். இடப்பக்கம் முழுக்கக் கோடுகள். அவர் வீட்டுக்குப் போகிற பாதை இரண்டு பக்கமும் கருங்கல் மதில், நடுவில் ஒரு கார் மட்டும் போகிற இடம். நம் மாவட்டத்தில் இப்படி எத்தனை பாதை! ஒவ்வொரு கீறலையும் அவரே தொட்டுக் காட்டினார். "இது நம்ம கேட் தூணு. இது தக்கலையில ஆட்டோக்காரன் ஒரசினது. இது எம் பேரன் சைக்கிள்." எனக்கு அந்த மனிதர்மேல் நம்பிக்கை வந்ததே அங்கேதான்.

மாமா ஒவ்வொரு கோட்டின் குறுக்கேயும் என் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். நகம் மாட்டாமல் வழுக்கிப் போனால் கீறல் மேலே உள்ள கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சில்தான் இருக்கிறது, பாலிஷில் போய்விடும். நகம் மாட்டினால் நிறப் பூச்சுவரை இறங்கிவிட்டது, டச்-அப் (கீறலில் மட்டும் நிறம் வைப்பது) அல்லது பெயிண்டிங் வேண்டும். ஏழு கோட்டில் நான்கில் நகம் வழுக்கியது, இரண்டில் மாட்டியது. ஒன்று மட்டும், முன் கதவின் அடியோரம், தகரம் தெரிந்து மிளகளவுக்குப் பழுப்பாகத் துரு. "இத மட்டும் நாளைக்கே பாக்கணும், மத்ததெல்லாம் கெடக்கட்டும்" என்றார் மாமா.

ஆசிரியர் கேட்ட விலை 3,10,000. இரண்டு பேனல் பெயிண்டிங்குக்கு 9,000, பாலிஷுக்கு 2,500 என்று காகிதத்தில் எழுதியே காட்டினோம். 10,000 குறைத்தார். வெறுமனே 'கீறல் இருக்கு, குறைங்க' என்று கேட்டிருந்தால் ஆயிரம்கூடக் குறைத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

பாலிஷ் போட்டதை நின்று பார்த்தேன். 2000 நம்பர் தண்ணீர்ப் பேப்பரால் (நைசான உப்புத்தாள்) மெதுவாகத் தேய்த்ததும் கதவே பால் ஊற்றியதுபோல மங்கிவிட்டது. எனக்குப் பகீரென்றது. அப்புறம் பாலிஷ் பசையைத் தடவி மெஷினை ஓட்ட, மங்கல் விலகி அடியிலிருந்து நிறம் வந்தது, கோட்டைக் காணவில்லை. இதை அடிக்கடி செய்யக் கூடாதாம். ஒவ்வொரு தடவையும் கிளியர் கோட் கொஞ்சம் தேய்ந்து போகும், தீர்ந்துவிட்டால் வெயிலில் நிறம் வெளுக்கும்.

குளச்சல்

துரு பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஐந்து வருடம் முன்பு வாங்கிய பழைய வண்டியில் பானெட்டில் ஒரு ஆழமான கீறல் இருந்தது. பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். ஆனி, ஆடி மழையும் உப்புக் காற்றும் போதுமாக இருந்தது. கோட்டின் இரு பக்கமும் பெயிண்ட் கொப்புளமாகப் பொங்கி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. ஒரு கோட்டுக்கு ஆகியிருக்க வேண்டிய செலவு முழு பானெட்டுக்கு ஆனது.

கடலோரத்து வண்டி என்றால் கதவுகளைத் திறந்து அடி விளிம்பைத் தடவிப் பாருங்கள். தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் அங்கே இருக்கும், மண் அடைத்திருந்தால் உள்ளிருந்தே துரு வரும். சக்கர வளைவின் உள் மடிப்பும் அப்படித்தான். பம்பர் கீறலுக்குக் கவலைப்படவே வேண்டாம், அது பிளாஸ்டிக்.

மார்த்தாண்டம்

நான் களியக்காவிளை தாண்டிப் போய் வாங்கினேன், கேஎல் (கேரளப் பதிவு) வண்டி. என்ஓசி (தடையில்லாச் சான்று) அலைச்சல் தனிக் கதை. கீறல் கதை இதுதான். பார்க்கப் போன அன்று வண்டியை அப்போதுதான் கழுவி வைத்திருந்தார்கள், தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றது. 'வண்டி கொள்ளாம்' (நல்லா இருக்கு) என்று சொல்லி 20,000 அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். பத்து நாள் கழித்து எடுக்கப் போனால் வலது இரண்டு கதவிலும் நீளக் கோடு. 'அது முன்னமே உண்டு சேட்டா' என்றார் அவர். இல்லை என்று சொல்ல என்னிடம் ஒரு படம்கூட இல்லை. ஈரத்தில் கீறல் தெரியாது என்பதால், அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அதுதான் மனதை அறுக்கிறது.

இப்போது தம்பிக்கு வண்டி பார்த்தபோது காய்ந்த வண்டியைக் காலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தோம். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு சுற்றி வீடியோ எடுத்து, அதை விற்பவருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். அவரும் 'ஓகே' போட்டார்.

இன்னொன்று. இன்சூரன்ஸ் காலாவதியான வண்டியை வாங்கினால் புதுப்பிக்கும்போது ஆய்வுக்குப் படம் எடுப்பார்கள். அதில் இருக்கிற கீறலுக்குப் பிறகு கிளெய்ம் கிடைக்காது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸும் (கிளெய்ம் வாங்காததற்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) நமக்கு வராது, அது ஆளோடு போகிறது, வண்டியோடு அல்ல.

திங்கள்சந்தை

சில்வர் வண்டிக்கு டச்-அப் அடித்தால் திட்டுத் திட்டாகத் தெரியும் என்கிறார்களே, உங்களுக்கு எப்படி வந்தது?

நாகர்கோவில்

சில்வரில் கஷ்டம் உண்டுதான் அண்ணே. அதில் உள்ள உலோகத் துகள் படுகிற விதம் மாறினாலே நிறம் மாறித் தெரியும். அதனால் மாமா முன் கதவை அடிக்கும்போது பின் கதவின் பாதிவரை நிறத்தை லேசாகப் படரவிட்டார். வெயிலில் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை.

சின்னக் கீறலுக்கு நீங்களே செய்யலாம். முதலில் பெயிண்டின் குறியீட்டு எண்ணைப் பாருங்கள், டிரைவர் கதவைத் திறந்தால் தூணிலோ பானெட்டுக்குள்ளோ ஒட்டியிருக்கும். அதைச் சொல்லி வாங்குங்கள், 'சில்வர்' என்று மட்டும் கேட்காதீர்கள். துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் தொட்டு, காய்ந்த பிறகு நிறம். பிரஷால் இழுக்காமல் பல்குத்தி நுனியில் எடுத்துக் கோட்டுக்குள் மட்டும் வையுங்கள். ஒரே தடவையில் நிரப்ப வேண்டாம். மழை நாளில் ஆரம்பிக்காதீர்கள், ஈரம் உள்ளே சிக்கினால் மறுபடியும் பொங்கும். மாமாவும் முன் கதவின் அடியோரத்தை நல்ல வெயிலில் இரண்டு நாள் போட்டுத்தான் முடித்தார். ஆடி மழை முழுக்க நனைந்தும் அந்த இடம் அப்படியே இருக்கிறது.